தெரிந்தால் சொல்லிவிடுங்கள்

எழுபத்து மூன்று வயதில் ஒருவன் கார்ட்டூனைப் பற்றிச் சண்டைக்கு வருகிறான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். காலை நடையில் கூட வருகிற நண்பர்களும் சிரித்தார்கள். "பேரனோட சேர்ந்து நீயும் சின்னப் பையனாயிட்டே" என்றார் ஒருவர். ஆனால் முழுக்கக் கேட்ட பிறகு அவர் வீடு வரைக்கும் பேசாமல் வந்தார். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

போன குளிர்காலத்தில் நியூஜெர்சியில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தோம். வெளியே பனி. நடக்கவும் வழியில்லை. பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவனும் அவன் கூட்டாளிகளும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல முகப் பகடைகளை உருட்டி விளையாடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பழைய டிவிடி பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் பார்த்த கார்ட்டூனாம், இதே பெயரில். "மாமா, நீங்களும் உக்காருங்க, நல்லா இருக்கும்" என்றார். உட்கார்ந்தேன். இருபத்தேழு பகுதிகளையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1985 டிசம்பர் வரை வந்த தொடர். மார்வெல் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனமும், அந்த விளையாட்டை விற்ற டிஎஸ்ஆர் நிறுவனமும் சேர்ந்து தயாரித்தது. ஆறு பிள்ளைகள் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் மாதிரி ஒரு வண்டியில் ஏறுகிறார்கள். வண்டி அவர்களை வேறொரு உலகத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறது. அங்கே அரக்கர்கள், பறவைநாகங்கள், மந்திரவாதிகள். இறங்கியதும் குள்ளமான ஒரு கிழவர் தோன்றுகிறார். தலை வழுக்கை, இரண்டு பக்கமும் வெள்ளை முடி, சிவப்பு அங்கி. பெயர் டன்ஜன் மாஸ்டர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மந்திர ஆயுதம் தருகிறார். ஹாங்குக்கு ஒளி அம்பு விடும் வில். எரிக்குக்குக் கேடயம். டயானாவுக்குக் கோல். பிரெஸ்டோவுக்கு மந்திரத் தொப்பி. ஷீலாவுக்கு உருவை மறைக்கும் அங்கி. அவள் தம்பி பாபிக்கு, எட்டு ஒன்பது வயதுச் சிறுவன், கையில் ஒரு கதாயுதம். போதாததற்கு யூனி என்று ஒரு ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டியும் அவன் பின்னால் ஒட்டிக்கொள்கிறது.

அந்த ஆயுதங்களைப் பறிக்க ஒற்றைக்கொம்புத் தலையுடன் வெஞ்சர் என்று ஒரு வில்லன். அந்த வெஞ்சரே பயப்படுகிற ஐந்து தலை நாகம் டியாமாட். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆசைதான். வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை.

இப்போது அந்தக் கிழவரைப் பார்ப்போம். ஒவ்வொரு பகுதியிலும் எங்கிருந்தோ முளைக்கிறார். "வீட்டுக்குப் போக ஒரு வழி இருக்கிறது" என்கிறார். பிள்ளைகள் முகம் மலர்கிறது. உடனே ஒரு விடுகதை. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நாலு சொல். பிள்ளைகள் "என்ன சொல்றீங்க?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்புவதற்குள் ஆள் மாயம். ஒரு பாறைக்குப் பின்னால் போனார், ஒரு மரத்துக்குப் பின்னால் போனார், அவ்வளவுதான். அதன் பிறகு பிள்ளைகள் அடிபட்டு, உதைபட்டு, நெருப்பிலிருந்தும் நீரிலிருந்தும் தப்பி ஓடி, கடைசியில் விடுகதைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கும்போது வழி மூடிக்கொள்கிறது. இல்லையென்றால் யாரையோ காப்பாற்றப் போய் இவர்களே வழியை விட்டுவிடுகிறார்கள். கிழவர் மறுபடி வந்து புன்னகைக்கிறார். நல்ல பாடம் கற்றுக்கொண்டீர்களாம்.

மூன்றாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளுக்கு வழி தெரியும்ல? தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "தாத்தா, அவரு குரு. குரு அப்படித்தான் பேசுவாங்க."

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. குரு என்றால் புரியாமல் பேச வேண்டும், கேட்டால் மறைந்துவிட வேண்டும், சீடன் அடிபட்டுத்தான் கற்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கார்ட்டூன் மட்டுமா? நாமும்தான்.

மாப்பிள்ளை கிழவருக்காக வாதாடினார். நியாயமாகவே வாதாடினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் சொன்ன முதல் காரணம், அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பது. கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட விளையாட்டு அது. அதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடுவார்கள். நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வரைபடத்தை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்வார். சொல்லிவிட்டால் ஆட்டமே முடிந்துவிடும். "அதனாலதான் மாமா அவரு சொல்ல மாட்டாரு. அது ஆட்டத்தோட விதி."

சரி. என் பேரனின் சாப்பாட்டு மேசையில் அது சரிதான். அங்கே ஆடுகிற பிள்ளைகள் ஆட வந்தவர்கள். பசித்தால் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறக்கலாம். அலுத்தால் பகடையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தொடரில் இருக்கிற ஆறு பேருக்கும் அது ஆட்டமில்லை. ராட்டினத்தில் ஏறியவர்கள், மாட்டிக்கொண்டார்கள். பாபி அம்மாவைத் தேடி அழுகிற வயது. ஆட்டத்தை நடத்துகிறவரின் விதியை, காட்டில் தொலைந்துபோன குழந்தைக்கு முன்னால் நிற்கிறவர் கடைப்பிடிக்கலாமா? இந்த வித்தியாசம்தான் எல்லாம். விளையாட வந்தவனுக்கு விடுகதை போடலாம். வழி தவறி வந்தவனுக்கு வழி சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம், சொல்லிவிட்டால் முதல் பகுதியிலேயே தொடர் முடிந்துவிடும் என்பது. இது தயாரிப்பாளரின் கஷ்டம். அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் தயாரிப்பாளரின் கஷ்டத்தை ஞானம் என்று பெயர் மாற்றி நமக்கு விற்கக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் கனமானது. பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தால்தான் வளருவார்கள். அதற்கு எனக்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன் எரிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு பேரில் எரிக் தான் புலம்புகிறவன். பணக்கார வீட்டுப் பையன். எதற்கெடுத்தாலும் குறை. "இந்தாளு ஏன் நேரா பேச மாட்டேங்கறாரு? இவரை நம்பி ஏன் போகணும்?" என்று கேட்கிறவன் அவன்தான். நான் சோபாவில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. அவன் கேட்கும்போதெல்லாம் கதை அவன் மேல் ஏதாவது ஒன்றைக் கொட்டும். சேற்றில் விழுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் மற்றவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகும்.

இது தற்செயலாக நடந்ததில்லை. தொடரின் தொடக்கத்தை உருவாக்கி எழுதியவர்களில் ஒருவரான மார்க் இவேனியர் பின்னாளில் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். எரிக் பாத்திரம் அவருக்கே பிடிக்கவில்லையாம். ஆனால் வைத்தே ஆக வேண்டியிருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் தொலைக்காட்சிக்காரர்களை நெருக்கிய பெற்றோர் அமைப்புகளும் ஆலோசகர்களும் இருந்தார்கள். அவர்கள் விரும்பிய பாடம், கூட்டம் எப்போதும் சரி, குறை சொல்கிறவன் எப்போதும் தவறு என்பது. அந்தப் பாடத்தைச் சொல்லத்தான் எரிக். இது என்ன பாடம், தனியாக நிற்கிற துணிவை அல்லவா சொல்லித்தர வேண்டும் என்பதுதான் இவேனியரின் ஆதங்கம். படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கோபம் கிழட்டுக் கோபம் இல்லை. எழுதியவருக்கே இருந்த கோபம்.

விடுகதை போடும் குருவுக்குப் பக்கத்தில் கேள்வி கேட்பவனைக் கோமாளியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் வரும். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. புரியவில்லை என்று சொல்பவனைப் பார்த்து நாலு பேர் சிரித்தால்தான், புரியாமல் பேசுகிறவர் பெரிய மனுஷர் ஆக முடியும்.

இதை நான் கார்ட்டூனில் கற்கவில்லை. ஐம்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் ஒரு பம்ப் பட்டறையில் கற்றேன்.

1971. எனக்குப் பத்தொன்பது வயது. பட்டறையின் பெயர் வேண்டாம். எங்கள் மேஸ்திரியின் பெயரும் வேண்டாம். அவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. தொழிலில் அவர் சூரர். லேத்தின் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். நூலிழை பிசகாது. ஆனால் சொல்லித்தர மாட்டார். "பாத்துக்கோ" என்பார். கேட்டால் ஒரு பழமொழி. இன்னொரு தடவை கேட்டால் ஒரு முறைப்பு. நாங்கள் அவரைத் தெய்வமாகப் பார்த்தோம். டீக்கடையில் அவர் சொன்னதை எல்லாம் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிப் பேசிக்கொள்வோம்.

மோட்டாரின் ஷாஃப்டைக் கடைந்து முடித்த பிறகு பேரிங் உட்காரும் இடத்தை எமரித் துணியால் பளபளவென்று தேய்க்க வேண்டும். லேத் ஓடிக்கொண்டே இருக்கும். கையால் பிடித்துத் தேய்ப்போம். புதிதாக வந்த மூன்று பையன்களை அந்த வேலைக்கு விட்ட அன்று மேஸ்திரி வந்தார். ஷாஃப்டைத் தட்டிக் காட்டினார். "இரும்புக்கும் பசிக்கும்டா" என்றார். போய்விட்டார்.

மூன்று பேரில் ஒரு பையன் பொள்ளாச்சிப் பக்கம். வாய் கொஞ்சம் அதிகம். அவர் பின்னாலேயே போய், "ஏனுங்க மேஸ்திரி, எனக்குப் புரியலீங்க. என்ன பண்ணோணும், என்ன பண்ணக் கூடாதுன்னு நேரா சொல்லிப்போடுங்களேன்" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். மேஸ்திரியும் சிரித்தார், ஆனால் அடுத்த நாளே அவனை லேத்திலிருந்து எடுத்துச் சுருள் அள்ளப் போட்டுவிட்டார். அவனுடைய லேத்தில் மூன்று பேரில் வாய் திறக்காத பையனை நிறுத்தினார். நல்ல பையன். எதுவும் கேட்க மாட்டான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான்.

இருபது நாள் கூட ஆகவில்லை. எமரித் துண்டு வழுக்காமல் இருப்பதற்காக அவன் அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்த்திருக்கிறான். துணி ஷாஃப்டில் பற்றிக்கொண்டது. ஷாஃப்ட் துணியை இழுத்தது, துணி விரலை இழுத்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. வலது கை. லேத்தை நிறுத்திய நேரம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவன் அழவில்லை. "மேஸ்திரி சொன்னாருங்க, எனக்குத்தான் வெளங்கல" என்றான். இரும்பின் பசி என்னவென்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. தப்பு தன்னுடையது என்று நம்பினான். இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, மன்னிப்பும் அவனே கேட்டான்.

துரோணர் விரலைக் கேட்டு வாங்கினார். எங்கள் மேஸ்திரி கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

அவர் சொல்லியிருக்க வேண்டியது என்ன? "துணியை விரல்ல சுத்தாதே. ரெண்டு நுனியையும் தனித்தனியாப் பிடி, இழுத்தா விட்டுரு. முடிஞ்சா மரக்கட்டையில வெச்சுத் தேய். கையுறை போடாதே." எண்ணிப் பாருங்கள். சொல்ல கால் நிமிஷம் ஆகுமா? அந்தக் கால் நிமிஷத்தில் என்ன மர்மம் குறைந்துபோயிருக்கும்? அவருடைய மர்மம் தவிர.

இங்கேதான் மாப்பிள்ளையின் மூன்றாவது காரணத்துக்குப் பதில். தானாகக் கண்டுபிடித்தால்தான் வளரும் என்பது உண்மைதான், எல்லா விஷயத்திலும் அல்ல. டூலை எந்தக் கோணத்தில் தீட்டினால் இந்த இரும்புக்கு ஒத்துவரும் என்பதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூறு தடவை தீட்டிக் கெடுத்துத்தான் வரும். அதில் கெட்டுப்போவது ஒரு துண்டு டூல். ஆனால் எமரியை விரலில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை யாரும் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தப்பு செய்தால் பொருள் கெடும் என்றால் பழக விடு. தப்பு செய்தால் ஆள் கெடுவான் என்றால் சொல்லிவிடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் குரு. பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் விடுகதை போடுகிறவனுக்கு வேறு பெயர்.

தட்சிணாமூர்த்தி பேசாமல்தானே உபதேசம் செய்தார் என்று கேட்பீர்கள். என் மனைவியே கேட்டாள். நான் கோயிலுக்குப் போகிறவன்தான், அந்தச் சன்னிதியில் வியாழக்கிழமை நின்றவன்தான். அங்கே நாலு முனிவர்கள் உட்கார்ந்து கேட்டது சொல்லில் அடங்காத ஒன்றை. சொல்ல முடியாததைச் சொல்லாமல் இருந்தார். அது மௌனம். சொல்ல முடிந்ததைச் சொல்லாமல் இருப்பது மௌனம் ஆகாது. அதற்குப் பெயர் பதுக்கல்.

தொடரின் ஒரு நல்ல பகுதியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை என்னை மன்னிக்க மாட்டார். நாகங்களின் இடுகாடு என்று ஒரு பகுதி. பிள்ளைகளுக்கு வெஞ்சரின் தொல்லை சலித்துப்போய், இனி ஓடுவதில்லை, நேருக்கு நேர் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். ஐந்து தலை டியாமாட்டையே துணைக்குப் பிடிக்கிறார்கள். கடைசியில் வெஞ்சர் ஹாங்கின் வில்லுக்கு முன்னால் வசமாகச் சிக்குகிறான். ஹாங்க் அம்பை விடவில்லை. கொன்றால் நாங்களும் உன்னைப் போலத்தானே ஆகிவிடுவோம் என்கிறான். விட்டுவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது. மைக்கேல் ரீவ்ஸ் என்பவர் எழுதியது. இந்தத் தர்மத்தை அவனுக்கு எந்த விடுகதையும் சொல்லித்தரவில்லை. அது அவனுக்குள்ளேயே இருந்தது. நல்ல பிள்ளைகள் விடுகதையால் நல்லவர்கள் ஆவதில்லை.

இன்னொரு பகுதியில் எரிக்குக்கே டன்ஜன் மாஸ்டரின் சக்தி கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கிறது. புலம்பல்காரன், சுயநலக்காரன் என்று எல்லோரும் நினைத்த அந்தப் பையன் என்ன செய்கிறான் தெரியுமா? மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தன் உயிரைப் பணயம் வைத்து வெஞ்சரோடு மோதுகிறான். சக்தி கையில் வந்த அன்றே அவன் செய்த முதல் பெரிய காரியம், கூட்டாளிகளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. இதை எழுதியவர்கள் தெரிந்து எழுதினார்களோ தெரியாமல் எழுதினார்களோ, கிழவரின் மேல் இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை வேறில்லை. ஏன் நேராகச் சொல்லக் கூடாது என்று கேட்டவன்தான், தன் முறை வந்தபோது வழியைத் திறந்தான்.

கடைசியில் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்களா? இல்லை. மூன்றாவது பருவத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பகுதிக்காக அதே ரீவ்ஸ் எழுதிய கதை படமாகவே இல்லை. ரெக்வியம் என்று தலைப்பு. பின்னாளில் அவரே அதைத் தன் இணையதளத்தில் வெளியிட்டார். 2006-ல் வந்த டிவிடியில் ஒலி நாடகமாகவும் சேர்த்தார்கள். மாப்பிள்ளை அதைப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு ரகசியம் உடைகிறது. வெஞ்சர் வேறு யாருமில்லை, டன்ஜன் மாஸ்டரின் மகன். கெட்டுப்போன மகன். இந்தப் பிள்ளைகளால் அவன் திருந்தி மீள்கிறான். அதன் பிறகே வீட்டுக்கு வழி திறக்கிறது.

மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் எப்போதும் நெகிழ்ச்சி. எனக்கு ரத்தம் கொதித்தது. தன் மகனை மீட்க ஊரார் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார், என்ன வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை! "என் மகன் இப்படி ஆகிவிட்டான். எனக்கு உதவுங்கள்" என்று முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் மாட்டேன் என்றிருப்பார்களா? இருபத்தேழு பகுதியிலும் யாரோ முன்பின் தெரியாதவனைக் காப்பாற்றத் தங்கள் வழியையே விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். கேட்டிருந்தால் முழு மனதோடு செய்திருப்பார்கள். கேட்பதற்கு ஒரு கிழவர் தன் அவமானத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அது முடியவில்லை. விடுகதை வந்தது. விடுகதைகளுக்குப் பின்னால் பாதி நேரம் இருப்பது ஞானம் அல்ல, சொல்ல வெட்கப்படுகிற ஒரு விஷயம்.

பிரேசில் நாட்டுப் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். அங்கே இந்தத் தொடர் அமெரிக்காவைவிடப் பெரிய வெற்றி. வருஷக் கணக்கில் மறு ஒளிபரப்பு ஆனது. முடிவு காட்டாததால் அங்கே ஒரு வதந்தி பரவியது. கடைசிப் பகுதியில் அந்தப் பிள்ளைகள் ராட்டின விபத்தில் முதலிலேயே இறந்துபோனவர்கள் என்றும், அவர்கள் இருப்பது நரகம் என்றும், டன்ஜன் மாஸ்டரும் வெஞ்சரும் ஒரே பேய்தான் என்றும் தெரியவருமாம். அது பொய். அப்படி ஒன்றை நான் எழுதவில்லை என்று ரீவ்ஸே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நாட்டுப் பிள்ளைகள் முழுக்க அந்த வதந்தியை ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள்? வழி தெரிந்தும் சொல்லாதவனும், வழியை அடைக்கிறவனும் ஒரே ஆளாகத்தான் இருக்க முடியும் என்று குழந்தை மனசுக்குத் தோன்றியிருக்கிறது. 2019-ல் ஒரு கார் கம்பெனி அந்த நாட்டில் ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் நிஜ ஆட்களை நடிக்க வைத்து, அந்த ஆறு பேரையும் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிழவர் முப்பத்தைந்து வருஷமாகச் செய்யாததை ஒரு கார் விளம்பரம் முப்பது நாற்பது வருஷம் காத்திருந்தவர்களுக்காகச் செய்தது.

இதுவரைக்கும் கிழவரைத் திட்டினேன், மேஸ்திரியைத் திட்டினேன். நண்பர் ஏன் பேசாமல் வந்தார் என்பதை இன்னும் சொல்லவில்லை.

எமரியை விரலில் சுற்றக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன்கள் வருவதற்கு ஆறு மாதம் முன்னால் நான் சேர்ந்தேன். இரவு ஷிஃப்டில் ஒரு வயதான டர்னர், என் கையைப் பார்த்துவிட்டு, ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்தார். தலையில் ஒரு தட்டும் தட்டினார். அதனால்தான் என் பத்து விரலும் இன்றைக்கு இந்தப் பதிவைத் தட்டுகின்றன. அந்தப் பையன் மூன்றாவது லேத்தில் நின்று தேய்ப்பதை நான் ஒரு தடவையாவது பார்த்திருப்பேன். சொல்லவில்லை. நாங்கள் கஷ்டப்பட்டுக் கற்றோம், இவனும் கற்கட்டும் என்ற எண்ணம். மேஸ்திரி சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது என்பதில் ஒரு சின்ன சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் மேஸ்திரியை மேஸ்திரியாக வைத்திருந்தது. என்னையும் ஆறே மாதத்தில் குட்டி டன்ஜன் மாஸ்டர் ஆக்கியிருந்தது.

பின்னால் நானே வேறொரு பட்டறையில் ஃபோர்மேன் ஆனபோது ஒவ்வொரு லேத்துக்கும் மேலே தகரத்தில் ஐந்து வரி எழுதி மாட்டினேன். சுருக்கமாக, கொச்சையாக, எட்டாவது படித்தவனுக்கும் புரியும்படி. புதிதாக வந்தவனை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். என்னை யாரும் தெய்வமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னதை டீக்கடையில் யாரும் அர்த்தம் பிரித்துப் பேசவில்லை. பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பட்டறையில் எமரியால் ஒரு விரலும் போகவில்லை. ஆனால் அந்தத் தகரம் 1971-ல் என் வாயில் இருந்திருக்க வேண்டியது.

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டறை, லேத் எல்லாம் முடிந்தது. இப்போது நம்மிடம் வேறு ரகசியங்கள். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, வாங்கியது. எந்த பாங்கில் எந்தக் கணக்கு, நாமினி யார். சித்தப்பா வீட்டோடு பேச்சு ஏன் நின்றது. பெரியவன் ஏன் வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளைகள் கேட்டால் நாமும் சிரித்துக்கொண்டே, "நேரம் வரும்போது தெரிஞ்சுக்குவே" என்கிறோம். அந்தப் பாறைக்குப் பின்னால் போகிறோம். ஒருநாள் போனால் திரும்பி வர மாட்டோம். நாம் டன்ஜன் மாஸ்டர் இல்லை, அடுத்த வாரப் பகுதியில் மறுபடி தோன்ற.

நண்பருக்கு இரண்டு மகன்கள். சொத்து விஷயம் அவர் இன்னும் யாரிடமும் பேசவில்லை. அதனால்தான் பேசாமல் வந்தார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பேரன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான். "தாத்தா, அடுத்த தடவை எப்ப வருவீங்க?" என்று கேட்டான். பார்க்கலாம், கடவுள் சித்தம் என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "இனி வர முடியாதுடா. டாக்டர் இவ்ளோ தூரம் பிளேன்ல போகாதீங்கன்னுட்டாரு. நீதான் வரணும். மே மாசம் லீவு விட்டதும் வா" என்று சொன்னேன்.

அவன் முகம் வாடியது. பிறகு மே மாதம் எத்தனாம் தேதி என்று கேட்டான்.